மொச்சையில் தக்காளிப் பயறு

டப்பாவில் வரும் ‘பேக்டு பீன்ஸ்’, தக்காளிச் சாற்றில் வெந்த வெள்ளை பீன்ஸ்தான். அமெரிக்காவில் பன்றிக் கொழுப்பும் கருப்பஞ்சாற்றுப் பாகும் சேர்த்துச் செய்வது பழைய முறை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் இல்லத்தரசிகள் காய்ந்த மொச்சையும் வெல்லமும் கொண்டு சைவமாகவே இதைத் தயாரிக்கலாம்.

கால் கிலோ மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். புது நீரில் தளதளவெனக் கொதிக்கவிட்டு, கையால் நசுங்கும்வரை வேகவைத்து வடிக்க வேண்டும். தணலில் மட்டும் வைத்து அரைவேக்காட்டில் இறக்கினால் மொச்சையிலுள்ள நச்சுத்தன்மை நீங்காது, வயிற்றுக்குக் கேடு. தக்காளியை முதலிலேயே சேர்த்தால் கொட்டை விறைத்துவிடும், விறகும் வீண்.

வெந்தபின் தக்காளிச் சாறு, வதக்கிய வெங்காயம், சிறிது வெல்லம், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, மண்சட்டியை மூடி அரை மணி நேரம் தணலில் வைத்தால் சாறு சுண்டிப் பதமாகும். நாட்பட்ட கொட்டை வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.