பந்தின் காற்று எங்கே போனது?

மாணவர்களே, 2015 ஜனவரி 18-இல் நடந்த அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 45-7 என்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸை வீழ்த்தியது. இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் காற்றழுத்தம் குறைவு! சதுர அங்குலத்திற்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருக்க வேண்டும் என்பது விதி. காற்று குறைந்த பந்தைப் பிடிப்பது எளிது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்றனர் ஒரு தரப்பு ரசிகர்கள். "குளிர்தான் காரணம்" என்றனர் மறுதரப்பினர்.

கணக்கிட்டுப் பார்ப்போமா? கன அளவு மாறாதபோது, வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அழுத்தமானி காட்டும் 12.5 உடன் வளிமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்டினால் 27.2. அறையில் 22 பாகை செல்சியஸ், அதாவது 295 கெல்வின். மைதானத்தில் 9 பாகை, அதாவது 282 கெல்வின் என்று கொள்வோம்.

27.2 × 282 ÷ 295 = 26.0

இதில் 14.7-ஐக் கழித்தால் 11.3. யாரும் தொடாமலே அழுத்தம் 1.2 பவுண்டு குறைந்துவிடுகிறது!

அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை. இடைவேளையில் இரண்டு மானிகளால் அளந்தார்கள். ஒன்றின் சராசரி ஏறத்தாழ 11.5, மற்றதன் சராசரி 11.1. முதலாவதை நம்பினால் குளிரே போதிய காரணம். இரண்டாவதை நம்பினால் சந்தேகம் எழும். ஆட்டத்திற்கு முன் எடுத்த அளவுகளையோ யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தில் அளவையும் கருவியையும் வெப்பநிலையையும் உடனே குறித்து வையுங்கள். குறிப்பு இல்லாவிட்டால், குற்றத்தையும் நிரூபிக்க முடியாது. நேர்மையையும் நிரூபிக்க முடியாது.