பதின்மூன்றாவது காசோலை

உபகாரச் சம்பளம் வரும் நாள், முதியோர் வாழும் இல்லத்திலே ஒரு சிறு பண்டிகை நாள். அந்தப் பணத்தைக் காத்துவருபவர் யாவர் என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்து முதியோர் 2013ஆம் ஆண்டிலே இவ்வினாவைக் கண்ணீருடன் கேட்க நேர்ந்தது.

மோட்டார் வண்டித் தொழிலாற் புகழ்பெற்ற அந்நகரில் 1950இல் 18 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010இல் எஞ்சியோர் ஏறத்தாழ 7 இலட்சம். வரி செலுத்துவோர் குறைந்தனர். மாநகர சபையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, இளைப்பாறியோர் இருவர் என்னும் நிலை வந்தது.

சபையின் ஊழியர்க்கு இரண்டு நிதிகள் இருந்தன. பொலீசாருக்கும் தீயணைப்போருக்கும் ஒன்று, ஏனையோருக்கு மற்றொன்று. அவற்றைப் பரிபாலிக்கும் குழுக்களில் நகர நிருவாகத்தினரும், ஊழியர் தெரிவுசெய்தோரும் இருந்தனர். தர்மகர்த்தாக்கள் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். பணம் அவர்களுடையதன்று, அதை எங்கே முதலிடுவது, என்ன வருமானம் வருமென மதிப்பிடுவது என்பன மட்டுமே அவர்கள் பொறுப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 வீதம் வருமென்று மதிப்பிட்டார்கள். இம்மதிப்பீடு உயர உயர, சபை இன்று செலுத்தவேண்டிய பங்கு குறைவாகத் தோன்றும். கணக்கு அழகாயிருக்கும், பெட்டி நிறையாது.

பொது ஊழியர் நிதியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சந்தை செழித்த ஆண்டுகளிற் கிடைத்த மிகை இலாபத்திலிருந்து, பன்னிரண்டு மாதக் காசோலைகளுக்கு மேலாகப் பதின்மூன்றாவது ஒன்றையும் அனுப்பினார்கள். ஊழியரின் சேமிப்புக் கணக்குகளுக்கோ, சந்தை விழுந்த ஆண்டிற்கூட 7 வீதத்துக்கு மேல் வட்டி வரவு வைக்கப்பட்டது. நல்ல ஆண்டின் மிகுதி, கெட்ட ஆண்டின் குறையை நிரப்புதற்குரியது என்பது மறக்கப்பட்டது. பெற்றவரைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. பொது ஊழியரின் உபகாரச் சம்பளம் சராசரியாக ஆண்டுக்கு 19,000 டொலர் அளவினதே. ஆயின், கொடுத்தவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? நிதியுடன் தொடர்புடைய சிலர், முதலீடு நாடி வந்தோரிடம் இலஞ்சம் பெறச் சதிசெய்ததாக 2014 டிசம்பரிற் குற்றவாளிகளாகவும் காணப்பட்டனர்.

2013 யூலை 18ஆந் திகதி நகரம் வங்குரோத்து மனுச் செய்தது. கடன் ஏறக்குறைய 1,800 கோடி டொலர். உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தைக் குறைத்தலாகாது என்பது மிச்சிகன் மாநில அரசியலமைப்பின் விதி. எனினும், வங்குரோத்துச் சட்டத்தின் முன் அதுவும் ஓர் ஒப்பந்தமே, குறைக்கலாம் என நீதிபதி ஸ்டீவன் றோட்ஸ் தீர்த்தார். கால்வாசிக்கு மேல் வெட்டு விழுமோ என்று முதியோர் நடுங்கினர்.

கடன் கொடுத்தோரின் கண் நகரச் சித்திரசாலையின் மீதும் விழுந்தது. வான்கோவின் ஓவியத்தையும் விற்கலாமே என்றார்கள்! இறுதியில் தரும தாபனங்களும், மாநில அரசும், சித்திரசாலையும் சேர்ந்து, 20 ஆண்டுகளில் 80 கோடி டொலருக்கு மேல் கொடுக்க உடன்பட்டன. ஓவியங்கள் தப்பின. பொலீசாரின் அடிப்படை ஓய்வூதியமும் தப்பியது. பொது ஊழியருக்கு 4½ வீதம் குறைந்தது. ஆண்டு உயர்வு நின்றது. மிகை வட்டி பெற்றோரிடமிருந்து அதுவும் பிடித்துக்கொள்ளப்பட்டது.

வெளியார் இடம்பெறும் முதலீட்டுக் குழுக்கள் நியமிக்கப்பட்டன. வருமான மதிப்பீடு 6.75 வீதமாக இறக்கப்பட்டது. நகரம் தன் முழுப் பங்கை மீண்டும் செலுத்தத் தொடங்கியது 2023 யூலையில் ஆரம்பித்த நிதியாண்டிலேதான். குறைந்த 4½ வீதம் அப்பொழுதும் திரும்பவில்லை.