கைத்தொலைபேசியும் கேளாமலே சேரும் பாதுகாப்புத் திட்டமும்

கைத்தொலைபேசி வாங்கச் செல்வோரிடம் பாதுகாப்புத் திட்டமொன்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கூறும் வழக்கம் உண்டு. தவணை முறையில் வாங்குவோருக்கு அத்திட்டத்தின் விலை கண்ணிற் படுவதேயில்லை. ஆகவே, திட்டமின்றி விலை என்ன என்பதே முதற் கேள்வியாக வேண்டும்.

உற்பத்தியாளரின் உத்தரவாதம் தயாரிப்புக் குறைபாட்டுக்கே உரியது. விழுந்து திரை உடைவதும் நீர் புகுவதும் அதில் பொதுவாக அடங்கா. அவற்றுக்காகவே இத்திட்டம் என்கின்றனர்.

ஒரு பேச்சுக்கு, திட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 8,000 ரூபா, திரை மாற்ற 20,000 ரூபா, அதில் காற்பங்கு வாங்கியவர் பொறுப்பு எனக் கொள்வோம். திரை உடைந்தாலும் மிச்சம் 7,000 ரூபாதான். உடையாவிடின் 8,000 ரூபாவும் நட்டம். சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் திரைகள் ஓராண்டுக்குள் உடைந்தாலன்றி இக்கணக்கு வாங்குவோர் பக்கம் சாயாது.

எனினும், தொலைபேசியை நம்பி வாடகைக்கு முச்சக்கரவண்டி ஓட்டுபவரால் 20,000 ரூபாவை ஒரே நாளிற் புரட்ட முடியாது. அவருக்குத் திட்டம் பயன்படலாம். ஆனால் திருத்துமிடம் மட்டக்களப்பிலா, கொழும்பிலா? அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? இவற்றை அவர் எழுத்தில் பெறவேண்டும்.

வழமையான காப்புறுதியை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் முஸ்லிம்களுக்கோ, கேளாமலே சேர்க்கப்படும் திட்டம் வெறும் பணப் பிரச்சினையன்று.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் வர்த்தகர் பற்றுச்சீட்டு வழங்கவேண்டும். அதில் இரு விலைகளையும் தனித்தனியே எழுதுவிக்குமாறு வேண்டுகின்றோம். மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்னும் இலக்கத்துக்கு அழைக்கலாம்.