கறுப்புச் சட்டையும் நொய்யல் ஆறும்

தீபாவளிக்கு எடுக்கப் போகிற புதுச் சட்டைக்கு இடம் பண்ணுவதற்காகச் சென்ற வாரம் பீரோவைத் திறந்தபோது, இரண்டு தடவைக்கு மேல் உடுத்தாத பனியன் துணிச் சட்டைகளே ஒன்பது இருக்கக் கண்டு வெட்கினேன். அவற்றுள் ஐந்து கறுப்பு. அழுக்குத் தெரியாது என்பதைத் தவிர அந்நிறத்தின்மேல் எனக்கு வேறு பிரீதி கிடையாது.

ஒரு பருத்திச் சட்டைக்கு, செடிக்குப் பாய்ச்சுவது முதலாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்ற கணக்கைப் பலரும் கேட்டிருப்பார்கள். உப்புக் கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயம் தானாகப் பருத்தியிடம் போய்ச் சேருவதில்லையாதலால், அதைத் துணியின்பால் தள்ளுவதற்குச் சோற்று உப்பையோ கிளாபர் உப்பையோ சாயத்தொட்டியில் கொட்டுகிறார்கள். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் ஏறிக்கொண்டே போய், கறுப்புக்கும் கருநீலத்துக்கும் இளநிறத்துக்குப் போடுவதைப்போல் பன்மடங்கு வேண்டியிருக்கிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், சாயத்தின் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிட, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த உப்பு மாத்திரம், காரியம் முடிந்ததும் ஒட்டாமல் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது.

வெளியே என்றால் எங்கே? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூரையும் கடந்து, பண்டைய மணித்தொழிலுக்குப் பெயர்பெற்ற கொடுமணலை ஒட்டி ஓடிக் காவிரியில் கலக்கிற நொய்யலில். பாசனத்துக்கென்று அதன் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சில வருஷங்களுக்குள்ளாகவே சாயக்கழிவின் தேக்கமாகிவிட, மதகைத் திறக்கச் சொல்லி மன்றாட வேண்டிய குடியானவர்களே அதைத் திறக்காதீர்கள் என்று முறையிடும்படியான விபரீதம் நேர்ந்தது. கிணறுகளும் உவர்த்துப்போயின. கடைசியில், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பட்டறைகள் பிற்பாடு திறந்தன. இப்போது கழிவைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி, தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டு மறுபடியும் சாயமேற்றுகிறார்கள். மெச்சத்தக்க முயற்சிதான். ஆனால் காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். ஒரு பங்கு உப்பை மீட்டுத் திரும்ப உபயோகித்த பின்னும், எதற்கும் உதவாத கலப்பு உப்பு அடியில் மிஞ்சுகிறது.

சாயப்பட்டறைக்காரரை மட்டும் குற்றவாளிக்கூண்டில் நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் தோய்த்தது நாம் கேட்ட நிறத்தைத்தான். நான் வெளிர்நிறத்துக்கு மாறிவிட்டதனால் நொய்யல் தெளிந்துவிடும் என்ற பிரமையும் இல்லை. ஆகவே ஒரு சிறு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்: இந்தத் தீபாவளிக்குக் கடைக்காரர் கறுப்புச் சட்டையை எடுத்து விரிக்கும்போது, வெளிறிய நிறத்தில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்; அதற்கும் முன்னால், ஒரு தடவை பீரோவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.