அடுப்பங்கரை என்னும் வகுப்பறை

நுழையும்முன்
விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாதவராய்ப் புதிதாக இல்லம் தேடி வருபவரையே பழந்தமிழர் விருந்தினர் என்றனர். அவ்வாறு வருவோர்க்கு உணவளிப்பதோடு, அவ்வுணவைச் சமைக்கவும் கற்பிக்கும் வழக்கம் இன்று வளர்ந்து வருகிறது. அதனைச் செட்டிநாட்டு அடுப்பங்கரையின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

அஞ்சறைப்பெட்டியில் தொடங்கும் பாடம்
காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பரந்த வளமனைகளுக்குப் பெயர்பெற்றவை. அவற்றுள் சில, இன்று பயணியர் தங்கும் இல்லங்களாக விளங்குகின்றன. அங்கு வருவோருள் விரும்புவோர் சமையலும் கற்றுக்கொள்கின்றனர். முதலில் நறுமணப் பொருள்களை அறிமுகம் செய்கின்றனர். கல்பாசி, பெயரால் பாசியாயினும், பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரியாகும். அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனப் பகுதி. கறுப்புக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்ததாகக் கூறுவர். வணிகத்தின்பொருட்டுக் கடல்கடந்த நகரத்தாரின் வரலாறும் இவற்றோடு சேர்ந்தே பேசப்படுகிறது.

அடுத்து வறுத்தல். மல்லி, மிளகு, சீரகம் ஆகியவை வறுபடும் நேரம் வேறுவேறு. எனவே, அவற்றைத் தனித்தனியே வறுக்க வேண்டும். மணம் எழும் நொடியில் இறக்காவிட்டால் கசப்பேறும். நிறைவாக, நுனி உண்பவரின் இடப்பக்கம் அமையுமாறு இலையிட்டு, சமைத்ததை அனைவரும் சேர்ந்து உண்பர்.

கைப்பதமும் அளவும்
“எத்தனை கிராம்?” என்று விருந்தினர் வினவும்போது, சமைப்பவர் திகைக்கிறார். அதுவரை அவருடைய கையே அளவுகோலாக இருந்தது. பிறருக்குக் கற்பிப்பதற்காக, அவர் தம் கைப்பிடியை முதன்முறையாக நிறுத்துப் பார்க்கிறார், ஏட்டில் எழுதுகிறார். எழுதப்படாத கைப்பதம், அதனை அறிந்தவரோடு மறைந்துவிடும். அயலார் கேட்ட ஒரு வினா, அதனை அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தருகிறது.

விருந்தா, வணிகமா?
பொருள் பெற்றுக்கொண்டு உணவளிப்பது விருந்தோம்பலாகுமா என்னும் ஐயம் எழலாம். வீட்டுச் சமையல் நெடுங்காலமாகப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பாகவே இருந்தது. அதற்கு ஊதியம் கிடைப்பது உழைப்பை மதிப்பதேயாகும். ஆயினும், ஊதியத்தோடு பொறுப்பும் சேர்கிறது. தூய நீர், தூய்மையான பாத்திரம் ஆகியவை இன்றியமையாதன. ஒவ்வாமை தரும் உணவு எதுவென விருந்தினரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். வீட்டில் சமைத்து விற்போரும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்தல் வேண்டும்.

விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், முகர்ந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டிலும் விருந்தினர் மனம் மென்மையானது என்கிறார். உணவுக்கு விலை உண்டு. மலர்ந்த முகத்திற்கு விலை இல்லை. அம்முகம் உள்ளவரை, விலை பெற்ற உணவும் விருந்தே.

உங்கள் இல்லத்து முதியோரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேளுங்கள். அவர்தம் கைப்பிடியை அளந்து, எழுதி வையுங்கள். அதுவும் ஓர் ஆவணமே.