திருட்டு எழுத்தைப் பிடிக்கும் கருவிக்குத் தமிழ் தெரியுமா?

இணைய இதழ்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் எழுதுகிறவர்களிடம், கட்டுரையோடு ‘பிளேஜியரிசம் ரிப்போர்ட்’டையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. எழுதுகிறவர் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் இலவசக் கருவியில் கட்டுரையை ஒட்டுகிறார். ‘100% யுனிக்’ என்று பச்சை நிறத்தில் விடை வருகிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார். ஆசிரியரும் நம்பி வெளியிடுகிறார். அந்தக் கருவி தமிழ்ப் பக்கங்களைத் தேடியதா என்று இருவருமே கேட்பதில்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த கருவியில் தமிழ்க் கட்டுரையைப் போட்டால், ஒப்பிட எதுவும் கிடைக்காத காரணத்தாலேயே அது ‘அசல்’ என்று சொல்லிவிடக்கூடும். காசு கட்டுவதற்கு முன்பும், இலவசம்தானே என்று நம்புவதற்கு முன்பும், இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இவை எதுவும் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரே மாதிரியான சொல்வரிசைகளை மட்டுமே கண்டுபிடிக்கின்றன. கட்டுரையைச் சிறு சிறு சொல்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, ஏற்கெனவே சேமித்துவைத்த எண்களோடு பொருத்திப் பார்ப்பது பரவலான முறை. மாணவர்கள் எழுதும் கணினி நிரல்களை ஒப்பிடுவதற்காக அலெக்ஸ் ஐக்கன் 1994-இல் உருவாக்கிய ‘மாஸ்’ இந்த வகையில் பெயர்பெற்றது. எல்லா எண்களையும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, முறையாகத் தேர்ந்தெடுத்த சில எண்களே போதும் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் காட்டினார்கள். ஆகவே ஒரு கருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இரண்டு: எந்தக் கிடங்கோடு ஒப்பிடுகிறது? சொற்களை எப்படி வெட்டுகிறது?

கிடங்கில் என்ன இருக்கிறது?

1990-களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கப்பட்ட டர்னிட்டின், கல்வி நிறுவனங்களுக்கானது. இணையப் பக்கங்களோடு ஆய்விதழ்களும், மாணவர்கள் முன்பு சமர்ப்பித்த தாள்களும் அதன் கிடங்கில் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் ஐதென்டிகேட், ஆய்விதழ் பதிப்பாளர்கள் பயன்படுத்துவது. 2004-இல் வந்த காப்பிஸ்கேப்பின் நோக்கம் வேறு. உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அதே எழுத்து இணையத்தில் வேறெங்கே கிடக்கிறது என்று காட்டும். கட்டணம் செலுத்தினால், வெளியிடாத கட்டுரையையும் ஒட்டிப் பார்க்கலாம். இணையதளம் நடத்துகிறவருக்கு இந்த வகையே போதும். கல்லூரிகளுக்கான கருவிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆய்வு மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்காக மத்திய அரசு 2019-இல் ‘ஷோத்சுத்தி’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதலில் உர்குண்ட் கருவியும் பிறகு டிரில்பிட் கருவியும் தரப்பட்டன. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டாலே ஆய்வேட்டைச் சோதித்துத் தருவார்கள். அப்படியிருக்க, வெளியே காசு வாங்கிக்கொண்டு ‘ரிப்போர்ட்’ எடுத்துத் தருகிறவர்களிடம் ஆய்வேட்டைக் கொடுப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் கணக்கில் தாளைச் சேமித்துவைக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் ஆய்வேடு கருவியின் கிடங்குக்குள் போய்விடும். பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது, உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக முழுக்கச் சிவந்து நிற்கும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. நம் எழுத்தில் பெரும்பகுதி, இந்தக் கருவிகள் நுழைய முடியாத இடங்களில் இருக்கிறது. ஃபேஸ்புக் பதிவுகளும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கட்டுரைகளும் பெரும்பாலும் அவற்றின் கண்ணுக்குப் படாது. பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்ட படங்களாகக் கிடைக்கின்றன. படத்தில் இருக்கும் எழுத்தை எழுத்துணரிகொண்டு படித்திருந்தால்தான் தேட முடியும். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் கதை இன்னும் மோசம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற 4 ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் நாம் பார்ப்பது தமிழ். கருவி பார்ப்பது பொருளற்ற ஆங்கிலக் குவியல். பாமினியில் வடிவமைத்த பழைய பி.டி.எஃப். ஒன்றிலிருந்து ஒரு முழு அத்தியாயத்தை யுனிகோடுக்கு மாற்றிப் போட்டாலும், பெரும்பாலான கருவிகள் அதை ‘அசல்’ என்றே சொல்லும். கட்டுரையை எடுத்து யூடியூபில் குரல்கொடுத்து வாசித்துவிடுகிறவர்களையும் இவை பிடிக்காது. இணையத்தில் எழுதுகிறவர்கள் இன்று அதிகம் குமுறுவது அவர்களைப் பற்றித்தான்.

சொல்லை எப்படி வெட்டுகிறது?

ஓர் எடுத்துக்காட்டு. ‘மேட்டூர் அணையில் இருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டதால் டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்தனர்’ என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதை எடுத்து, ‘மேட்டூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டதையடுத்து டெல்டா உழவர்கள் மகிழ்ந்தார்கள்’ என்று மாற்றுகிறார். செய்தியும் வரிசையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் தொடர்ந்து 2 சொற்கள்கூட ஒத்துவரவில்லை. ‘அணையில் இருந்து’ என்பதைச் சேர்த்து எழுதியதாலேயே ஒரு பொருத்தம் அறுந்துபோகிறது. வேற்றுமை உருபு, காலம், பால், சந்தி என்று ஒரே வேர்ச்சொல் நூறு வடிவம் எடுக்கும் மொழி இது. வேர்ச்சொல்லைப் பிரித்து அடையாளம் காணாத கருவி, தமிழில் அரைகுறையாக மாற்றிய எழுத்தைத் தவறவிடும். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டால் இன்னும் எளிதாகத் தப்பிவிடும்.

இத்தகைய கருவிகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் குழு ஒன்று சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டது. 15 கருவிகள், 8 மொழிகள். சில கருவிகள் சில திருட்டுகளைக் காட்டிக்கொடுக்கின்றன, எல்லாவற்றையும் அல்ல. குற்றமற்ற எழுத்தையும் சில நேரம் சந்தேகிக்கின்றன என்பது அவர்களின் தீர்ப்பு. அந்த 8 மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே நாமே சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

அது கடினமும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்து ஒரு பத்தி, போன வாரச் செய்தி ஒன்றில் இருந்து ஒரு பத்தி, அதிகம் பேர் படிக்காத பழைய வலைப்பூவில் இருந்து ஒரு பத்தி எடுத்துக் கருவியில் போடுங்கள். விக்கிப்பீடியாப் பத்தியையே அடையாளம் காணாத கருவியை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். மூன்றையும் கண்டுபிடித்தால், மேலே சொன்ன மேட்டூர் வாக்கியம்போல உருபுகளை மாற்றி மறுபடி போடுங்கள். கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம்.

சதவீதம் தீர்ப்பு அல்ல

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், ஆய்வேட்டில் 10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 60%-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதே விதிகள் மேற்கோள்கள், நூற்பட்டியல், சட்ட வாசகங்கள், தொடர்ந்து 14 சொற்கள் வரையிலான பொதுத் தொடர்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. முதல் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் பலர் இரண்டாம் பாதியைக் கண்டுகொள்வதில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, வினாடிக்கு இத்தனை கனஅடி நீர்வரத்து என்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் ஒரே வாக்கியத்தில்தான் வரும். கருவி அதைச் சிவப்பாக்கும். அது திருட்டு அல்ல. பாரதியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை. பெயர் சொல்லி எத்தனை வரி எடுத்தாண்டாலும் குற்றமில்லை. ஆனால் கருவி அந்த வரிகளையும் எண்ணும். எனவே எந்த வரி, எந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று இணைப்போடு காட்டாமல், வெறும் சதவீதத்தை மட்டும் தரும் கருவியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சில கருவிகள் ‘ஏ.ஐ. எழுதியதா’ என்ற சோதனையையும் சேர்த்துத் தருகின்றன. இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை அவை இயந்திரம் எழுதியவை என்றன. இத்தகைய கருவி தரும் எண்ணை வைத்து ஒரு மாணவரையோ எழுத்தாளரையோ குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

ஒட்டும் எழுத்து எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தங்கள் தாள்களை அனுமதியின்றிச் சேமித்துவைத்ததாக அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் 4 பேர் டர்னிட்டின் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அது நியாயமான பயன்பாடே என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் தெரியாத இலவசத் தளங்களில், சேமிக்கிறார்களா விற்கிறார்களா என்பதற்கான விதிமுறைகூடச் சில இடங்களில் இருக்காது. வெளிவராத சிறுகதையையோ நாவலையோ அங்கே ஒட்டாதீர்கள்.

கருவி இல்லாமலும் திருட்டைப் பிடிக்கலாம். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க், முனைவர் பட்டத்தையும் 2011 மார்ச்சில் பதவியையும் இழந்தார். அவருடைய ஆய்வேட்டின் திருட்டு முதலில் வெளிப்பட்டது எந்தக் கருவியாலும் அல்ல. அதற்கு மதிப்புரை எழுத உட்கார்ந்த பிரேமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஒருவர், சில தொடர்களைக் கூகுளில் போட்டுப் பார்த்தார். மீதியை இணையத்தில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படித்துக் கண்டுபிடித்தார்கள். தமிழில் இன்றைக்கும் நம்பகமான முறை இதுதான். அரிய சொல்லோ புதுமையான உவமையோ வரும் 6, 7 சொற்களை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். கட்டுரையின் நடுப்பகுதியிலும் கடைசியிலும் இதைச் செய்யுங்கள். எடுத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியை மட்டும் மாற்றிவிடுவார்கள். நடை திடீரென்று மாறும் இடத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

உங்கள் எழுத்தே திருடு போயிருந்தால், சண்டைக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் சேமித்து ஆதாரமாக்குங்கள். பிறகு தளத்துக்கும், பயனில்லை என்றால் கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் வழியாகவும் எழுதுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது.

இணைய இதழ் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதுகிறவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்பதை நிறுத்துங்கள். எந்த நூலை, எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். 3 வாக்கியங்களை நீங்களே தேடிப் பாருங்கள். சோதிக்கும் பொறுப்பு வெளியிடுகிறவருடையது.