ஒற்றர் கதையும் இலக்கியமும்

ஒற்றர் கதை என்றதும் இலக்கிய அன்பர் சிலர் முகஞ் சுளிப்பர். முடிவு தெரிந்தபின் மறுமுறை திறக்க வேண்டாத நூல்கள் என்பது அவர்தம் கருத்து. பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும், அண்மையில் நான் மீண்டும் படித்த இரு நூல்களை முன்வைத்து அவர்களோடு சிறிது வழக்காட விரும்புகிறேன்.

ஒன்று, சொமசெற் மோம் 1928இல் வெளியிட்ட 'ஆஷென்டன்'. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய உளவுத் துறைக்காகச் சுவிற்சர்லாந்திலும் ரஷ்யாவிலும் பணிபுரிந்தவர் மோம். ஆகவே அவர் எழுதியது கேள்விஞானம் அன்று. இந்நூலில் 'துரோகி' என்றொரு கதை. ஜேர்மனிக்காக உளவு பார்க்கும் கேப்பர் என்னும் ஆங்கிலேயன், ஜேர்மானிய மனைவியோடும் ஒரு நாயோடும் லூசேண் நகரில் வாழ்கிறான். மனைவியிடம் உயிரையே வைத்திருப்பவன். காட்டுப் பூக்களைக் கண்டால் மகிழ்பவன். ஆஷென்டன் அவர்களோடு பழகுகிறான். அம்மனைவியிடமே ஜேர்மன் மொழி பயில்கிறான். பின்னர் கேப்பரைத் தந்திரமாக இங்கிலாந்துக்குப் போகச் செய்கிறான். அங்கே கேப்பர் சுட்டுக் கொல்லப்படுகிறான். கணவனின் கடிதம் வந்ததா என்று மனைவி விசாரித்துக் கொண்டேயிருக்கிறாள், வரவில்லை. இறுதியில் நாய் தலையை உயர்த்தி ஊளையிடுகிறது. கடமை குறைவின்றி நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த ஊளையைக் கேட்டபின் வெற்றிக் களிப்பு யாருக்கு வரும்?

மற்றையது, ஜோன் லெ காரே 1963இல் எழுதிய, 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' எனப் பொருள்படும் நாவல். பேர்ளின் மதில் எழுந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. கிழக்கு ஜேர்மனிய உளவுத் துறையின் முண்ட் என்னும் கொடியவனை வீழ்த்தவே தான் அனுப்பப்பட்டதாக லீமஸ் நம்புகிறான். நாமும் அவ்வீழ்ச்சியை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். ஈற்றில், முண்ட் பிரித்தானியரின் ஆள் என்பதும், அவனைச் சந்தேகித்த நேர்மையாளன் ஃபீட்லரை ஒழிப்பதே உண்மைத் திட்டம் என்பதும் தெரிகின்றன. லீமஸை நேசித்த லிஸ் என்னும் பெண்ணும் அத்திட்டத்தில் ஒரு கருவியே. சாதாரணக் கதைகளில் இத்தகைய திருப்பம் வாசகனை வியக்க வைப்பதோடு நின்றுவிடும். இங்கோ, முண்ட் வீழவேண்டும் என்று காத்திருந்த நம்மையும் அது குற்றக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

முடிவை அறிந்துகொண்டு இந்நாவலைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் மேலதிகாரி லீமஸை அழைத்துப் பரிவோடு பேசும் கட்டம் ஒன்று உண்டு. முதன்முறை படித்தபோது அதை நான் விரைந்து கடந்துவிட்டேன். இம்முறை அவர் கூறிய கனிவான சொல் ஒவ்வொன்றும் அச்சமூட்டியது.